வாடகை வீட்டில் ஸ்மார்ட் சாதனங்கள்: மின்விசிறிக்கு இருக்கும் நினைவு பல்புக்கு ஏன் இல்லை?

வேளச்சேரிக்கு வாடகைக்குக் குடிபோகும் நண்பர் ஒருவர், "சுவரில் கை வைக்காமல் என்னென்ன வாங்கலாம்? தள்ளுபடி முடிவதற்குள் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார். அவருக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டதால் எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன். ஸ்மார்ட் பல்பு என்றால் என்ன, அதைச் செயலியில் எப்படிச் சேர்ப்பது என்பதெல்லாம் இங்கே இருக்காது. இரண்டு வாடகை வீடுகளில் இவற்றோடு வாழ்ந்து பார்த்த பிறகு, எனக்குப் பெரிதாகத் தெரிவது ஒன்றுதான்: மின்சாரம் போய்த் திரும்பி வரும் நொடியில் அந்தச் சாதனம் என்ன செய்யும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மற்ற வசதிகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நாங்கள் இருப்பது மடிப்பாக்கத்தில் ஒரு தனி வீட்டின் முதல் மாடி. கீழே வீட்டுக்காரர் குடும்பம். ஆணி அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் தனியாக ஒரு வரி உண்டு. காலி செய்யும்போது பெயிண்ட் செலவை அட்வான்ஸில் கழிப்பார்கள் என்பது சென்னையில் வாடகைக்கு இருக்கும் எவருக்கும் தெரிந்ததுதான். அதனால் சுவிட்ச் போர்டைத் திறந்து உள்ளே எதையாவது பொருத்துவது, சுவரைத் துளைத்துக் கேமரா மாட்டுவது இரண்டையும் நான் யோசிக்கவே இல்லை. ஹோல்டரில் மாட்டுவது, சாக்கெட்டில் செருகுவது, மேசைமேல் வைப்பது என்ற எல்லைக்குள்தான் எல்லாம்.

முதலில் பல்பு. அதைப் பற்றி நல்லதையும் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் இருக்கும், அழுத்தித் திருப்பி மாட்டும் பி22 வகை ஹோல்டரிலேயே மாட்டிக்கொள்ளலாம், எலக்ட்ரீஷியன் தேவையில்லை. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்த பிறகு வெள்ளை வெளிச்சம் கூசியது. மாலை ஆறு மணிக்கு மேல் கூடத்து விளக்கு தானாகவே மஞ்சள் ஒளிக்கு மாறி, ஒன்பது மணிக்குப் பாதியாகக் குறையும்படி வைத்தேன். அந்த நாட்களில் அது அம்மாவுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்பதை நான் மறக்க மாட்டேன். வாங்கிய பல்புகளில் ஒன்றுகூட இன்றுவரை எரிந்துபோகவில்லை. செயலியிலிருந்து அணைத்து வைத்திருந்தாலும் உள்ளே அரை வாட் அளவுக்கு மின்சாரம் இழுக்கும் என்று பயப்படுகிறவர்களுக்கு: இரண்டு மாதக் கணக்கில் அது ஒரு யூனிட்டுக்கும் குறைவு.

இவ்வளவு நல்ல பல்பு, மின்சாரம் போய் வந்தால் முழு வெளிச்சத்தில் எரிகிறது. அணைத்து வைத்திருந்தோமா, பத்து சதவீதத்தில் வைத்திருந்தோமா என்பது அதற்கு நினைவில்லை. இரவு இரண்டு மணிக்கு மழையில் மின்சாரம் போகிறது. புழுக்கத்தில் புரண்டுகொண்டிருந்த குழந்தை எப்படியோ தூங்கிவிடுகிறாள். மூன்று மணிக்கு மின்சாரம் வருகிறது. படுக்கையறை, கூடம், நடை என்று எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் வெள்ளையாக எரிகின்றன. குழந்தை எழுந்து அழுகிறாள், அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது எப்போதோ நடக்கும் விஷயம் அல்ல. நேற்று இரவும் நடந்தது. இந்தப் பதிவில் கோபம் தெரிந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது.

பகலில் இன்னொரு கூத்து. துணை மின்நிலையப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு நிறுத்துகிறார்கள். நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருப்போம், அம்மா தங்கை வீட்டுக்குப் போயிருப்பார். பிற்பகல் இரண்டு மணிக்கு மின்சாரம் வந்ததும், ஆளில்லாத வீட்டில் விளக்குகள் எரியத் தொடங்கி மாலைவரை எரியும்.

சரிசெய்ய வழி தேடாமல் இல்லை. பழைய கணினி ஒன்றில், ஸ்மார்ட் சாதனங்களை ஒரே இடத்திலிருந்து இயக்க உதவும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளை நிறுவி, பல்பு மீண்டும் இணைப்புக்கு வந்ததும் அதை அணைத்துவிடு என்று ஒரு விதி எழுதினேன். விதி வேலை செய்தது. ஆனால் மின்சாரம் வந்ததும் பல்பு உடனே எரிந்துவிடுகிறது. ரவுட்டர் எழுந்து வைஃபை தர ஒன்றிரண்டு நிமிடம் ஆகிறது. பல்பு அதில் இணைந்த பிறகுதான் அணைக்கும் கட்டளை போய்ச் சேரும். ரவுட்டருக்கும் கணினிக்கும் மின்சாரம் அறாமல் இருக்கச் சிறிய யுபிஎஸ் வாங்கி வைத்த பிறகு, அந்த நிமிடங்கள் சில நொடிகளாகக் குறைந்தன. தூங்கும் குழந்தையை எழுப்ப அந்தச் சில நொடிகளே போதும்.

இதைத் தீர்க்க முடியாத தொழில்நுட்பச் சிக்கல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிலிப்ஸ் ஹியூ பல்புகளுக்கு, மின்சாரம் வந்ததும் எந்த நிலையில் எழ வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி 2018 இறுதியிலேயே வந்துவிட்டது. வெவ்வேறு நிறுவனங்களின் ஸ்மார்ட் சாதனங்கள் ஒன்றாக இயங்குவதற்காக 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் என்ற பொதுத் தரத்திலும் அதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. பல்புக்குள் இருக்கும் சிறு சில்லு தன் கடைசி நிலையைக் குறித்துவைத்துக்கொண்டால் போதும், வேறொன்றும் வேண்டாம். என் பல்புகளின் நிறுவனத்துக்கு எழுதியபோது, பல்பை ஒருமுறை அணைத்துப் போடும்படி பதில் வந்தது. மறுபடி எழுதியபோது, புதிய மாடலில் அந்த வசதி இருப்பதாகவும் அதை வாங்கலாம் என்றும் சொன்னார்கள். ஏற்கெனவே காசு கொடுத்தவர்களுக்கு ஒரு மென்பொருள் மேம்பாட்டில் தந்திருக்க வேண்டியதை, புதிய பொருளாக விற்கிறார்கள். இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இன்னும் மோசமானது ஒன்று உண்டு. இந்த வகைப் பல்புகளில் பலவற்றை, சுவிட்சைத் தொடர்ந்து சில முறை போட்டு அணைத்தால், பழைய வைஃபையை மறந்துவிட்டுப் புதிதாக இணைவதற்காகச் சிமிட்டத் தொடங்கும். அமைத்துக்கொள்ள அது எளிய வழிதான். ஆனால் பலத்த காற்றில் மின்சாரம் வந்து போய் வந்து போய் விளையாடும்போது, அதையே நம் கட்டளை என்று பல்பு எடுத்துக்கொள்கிறது. விடிந்து பார்த்தால் நடையில் ஒரு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். மறுபடி முதலிலிருந்து செயலியில் சேர்க்க வேண்டும். நிலையற்ற மின்சாரம் உள்ள ஊரில் இந்தப் பொருளை விற்கிறவர்கள் இதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டாமா?

சுவிட்ச் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்தால் ஸ்மார்ட் பல்பு செத்துவிடும், செயலியில் அகப்படாது. "சுவிட்சைத் தொடாதீர்கள் என்று வீட்டில் சொல்லிவையுங்கள்" என்று அறிவுரை சொல்வார்கள். அறையை விட்டு வெளியே வரும்போது விளக்கை அணைப்பது என் அம்மா ஆயுள் முழுவதும் கடைப்பிடிக்கும் ஒழுக்கம். ஒரு பல்புக்காக அதை மாற்றிக்கொள்ளுங்கள் என்று நான் அவரிடம் கேட்க மாட்டேன். மாற வேண்டியது பல்புதான்.

இப்போது மின்விசிறி. பண்டிகைத் தள்ளுபடியில் நண்பர் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான். ரிமோட் உள்ள பிஎல்டிசி மின்விசிறி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்டது), கூடவே ரிமோட்டைப் போலவே அகச்சிவப்புக் கட்டளை அனுப்பும் சிறிய ஐஆர் பெட்டி. வீட்டுக்காரரின் பழைய மின்விசிறியை இறக்கித் துணி சுற்றிப் பரணில் வைத்தோம். அதே கொக்கியில் எங்களுடையது தொங்குகிறது. ரெகுலேட்டரை மட்டும் எலக்ட்ரீஷியனை வைத்துக் கழற்றி நேரடி இணைப்பு கொடுத்தோம், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான். காலி செய்யும் நாளில் இரண்டும் பழையபடி ஏறிவிடும். சாதாரண மின்விசிறி 75 வாட் இழுக்கும் வேகத்தில் இது ஏறத்தாழ 30 வாட்தான் இழுக்கிறது. நாளுக்கு 15 மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 40 யூனிட் மிச்சம். நம் மின்கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறுகிறது. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் வீடுகளுக்கு இந்த 40 யூனிட் சாதாரணமல்ல.

ஆனால் நான் மகிழ்ந்தது காசுக்காக அல்ல. விடியற்காலை நான்கு மணிக்கு மின்விசிறி தானாகவே ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைகிறது. இரவு முழுக்க வியர்த்துவிட்டு, விடியும் நேரத்தில் குளிர் தட்டி, குறைக்க எழுந்திருக்கவும் மனமில்லாமல் போர்வையை இழுத்துக்கொண்டு கிடப்போமே, அது எங்கள் வீட்டில் இப்போது இல்லை. குழந்தைக்கு அடிக்கடி பிடிக்கும் சளியும் குறைந்திருப்பதாக என் மனைவி சொல்கிறார். முக்கியமாக, மின்சாரம் போய் வந்தால் இந்த மின்விசிறி விட்ட வேகத்திலேயே ஓடத் தொடங்குகிறது. மூன்றில் இருந்தால் மூன்று. அதே மின்சாரம், அதே மழை, அதே வீடு. மின்விசிறிக்கு நினைவிருக்கிறது, அதன் பக்கத்திலேயே இருக்கும் பல்புக்கு இல்லை. வாங்கும்போது ரிமோட் அகச்சிவப்பு வகையா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ரேடியோ அலையில் இயங்கும் ரிமோட் என்றால் ஐஆர் பெட்டியால் பயனில்லை.

கீசருக்கு 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக். 6 ஆம்பியர் பிளக்கை ஒருபோதும் மாட்டாதீர்கள். 2000 வாட் கீசரே ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். வாடகை வீட்டுச் சாக்கெட்டுகள் பல பேர் கை பட்டுத் தளர்ந்திருக்கும். தளர்ந்த சாக்கெட்டில் கனமான பிளக்கைத் தொங்கவிட்டால் சூடேறிக் கருகும். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு என் செலவிலேயே புதிய சாக்கெட் போட்டேன். அந்த இடத்தில் கணக்குப் பார்க்க வேண்டாம். தண்ணீர் தெறிக்கும் இடத்தில் பாயிண்ட் இருந்தால் பிளக் யோசனையையே விட்டுவிடுங்கள். இந்தப் பிளக்கில் மின்சாரம் வந்ததும் அணைந்தே இருக்கட்டும் என்று அமைக்க முடிகிறது. பல்பில் இல்லாத அந்த வசதி ஒரு பிளக்கில் இருக்கிறது என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். காலை ஐந்தரைக்குப் போட்டு கால் மணி நேரத்தில் அணைத்துவிடுகிறது, ஒரு நாளைக்கு அரை யூனிட். மார்கழியில் மட்டும் கொஞ்சம் கூட.

சுவரில் ஒட்டும் பொருட்களைப் பற்றி ஒரே வார்த்தை: டிஸ்டெம்பர் அடித்த சுவரில் வேண்டாம். "சுவரைக் கெடுக்காது" என்று எழுதியிருக்கும் பட்டைகளும் சுண்ணாம்போடு பெயர்ந்து வரும். ஒட்ட வேண்டியதை வாசல் நிலையின் மரத்தில் ஒட்டுங்கள். அம்மா இரவில் எழுந்து போகும் வழியில் நடமாட்டத்தை உணர்ந்து எரியும் சிறிய விளக்கு ஒன்றை அப்படித்தான் வைத்திருக்கிறோம். சார்ஜ் செய்து காந்தத்தில் பொருத்துவது, வைஃபை கிடையாது, செயலி கிடையாது. மின்சாரம் போனாலும் எரிகிறது. கூடத்து ஸ்மார்ட் பல்புகளை விட அம்மா அதைத்தான் நம்புகிறார், எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

வீடு மாறும்போது ஒரு வேலையை மட்டும் செய்யுங்கள். புதிய வீட்டு ரவுட்டரில் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே வையுங்கள், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இயங்கட்டும். பெரும்பாலான ஸ்மார்ட் சாதனங்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். இந்த வீட்டுக்கு வந்த அன்று மாலையே, செயலியில் எதையும் தொடாமல், எல்லாம் இணைந்துகொண்டன. வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய நிம்மதி வேறில்லை.

நண்பருக்கு என் பதில்: மின்விசிறியும் ஐஆர் பெட்டியும் உடனே. கீசர் பிளக், சாக்கெட் நன்றாக இருந்தால். காந்த விளக்கு இரண்டு. பல்பு வேண்டாம். அம்மாவுக்குச் செய்த உதவியைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் இது நியாயமான தீர்ப்பு அல்ல என்று தெரிகிறது. ஆனால் நேற்றுத் தூங்காத குழந்தை இன்னும் என் தோளில்தான் கிடக்கிறாள். கடைக்காரரிடம் கடைசி நிலை நினைவிருக்குமா என்று கேட்டு, கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிப் போட்டுக் காட்டச் சொல்லி, அணைந்த பல்பு அணைந்தபடியே இருப்பதைப் பார்த்தால் வாங்குங்கள். படுக்கையறையில் நான் இன்று சாதாரண ஒன்பது வாட் பல்பை மாட்டிவிட்டேன். கூடத்தில் இருப்பதைக் கழற்றக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார்.