பி.காம் சிஏ-வா, சாதா பி.காமும் டேலியுமா, இல்ல நேரா சாப்பா? கிருஷ்ணகிரி பக்கத்துப் பசங்களுக்காக ஒரு அலசல்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததுல இருந்து எங்க சித்தப்பா வீட்ல தினம் ராத்திரி இதே பஞ்சாயத்துதான். பையன் காமர்ஸ் குரூப், நாலாவது பாடம் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். கணக்கும் வேணும் கம்ப்யூட்டரும் வேணும்ங்கிறான். சித்தப்பா அரசு கலைக் கல்லூரில சாதா பி.காம் சேத்துட்டு சாயங்காலம் டேலி கிளாஸ் (கடை, ஆஃபீஸ் கணக்கு எழுதற சாஃப்ட்வேர்) போகச் சொல்றாரு, சித்தியோட தம்பி ஓசூர்ல இருக்காரு, அவரு சாப் (SAP, பெரிய கம்பெனிங்க கணக்கு, சரக்கு எல்லாத்துக்கும் வெச்சிருக்கற சாஃப்ட்வேர்) படிச்சா பெங்களூர்ல அள்ளலாம்ங்கிறாரு, நான் பி.காம் சிஏ படிச்சவன்ங்கறதால என்னையும் நடுவுல இழுத்து விட்டுட்டாங்க.

மொதல்ல ஒரு குழப்பத்த தீத்துடறேன். பி.காம் சிஏல வர்ற சிஏன்னா கம்ப்யூட்டர் அப்ளிகேஷன், சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் இல்ல. நான் சேந்தப்ப எங்க தாத்தா காவேரிப்பட்டணம் டீக்கடைல பேரன் ஆடிட்டருக்குப் படிக்கறான்னு சொல்லி வெச்சு, ஒருத்தர் இன்கம் டாக்ஸ் நோட்டீஸ தூக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டாரு. அப்ப நான் ஃபர்ஸ்ட் செமஸ்டர்.

வெளிநாட்டு யுனிவர்சிட்டிங்கள்ல கணக்கும் கம்ப்யூட்டரும் சேர்ற எடத்துக்கு அக்கவுண்டிங் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்னு தனிப் பேப்பரே நடத்துறாங்க. ஒரு வியாபாரத்துல நடக்கற விஷயம் எப்படி ரெக்கார்டா மாறுது, அத யார் பதியறாங்க, யாரு திருத்த முடியும், தப்பு எங்க மாட்டும், இதுதான் பாடம். நம்ம பக்கம் பெரியார் பல்கலைக்கழகத்துக்குக் கீழ இருக்கற காலேஜுங்கள்ல பி.காம் சிஏ எடுத்தா காமர்ஸ் பேப்பருங்களோட புரோகிராமிங், டேட்டாபேஸ், டேலி லேப்னு துண்டு துண்டா வரும். சேத்து வெச்சுப் பாக்கறது நம்ம பொறுப்பு. நான் சேத்து வெச்சுப் பாக்கல, அதுக்கு என்ன ஆச்சுன்னு சொல்றேன்.

படிச்சு முடிச்சு ஒரு மாங்கூழ் ஃபேக்டரில அக்கவுண்ட்ஸ்ல சேந்தேன். ஜூன் மாசம் வந்தா பெங்களூரா மாங்கா லோடு ராத்திரி பகல்னு பாக்காம வரும், கேட்டுக்கு வெளிய லாரி வரிசை நிக்கும். வேபிரிட்ஜ்ல லோடோட ஒரு எடை, எறக்கிட்டு காலி வண்டி ஒரு எடை, கழிச்சா மாங்கா எடை, அதுக்கு ஒரு ஸ்லிப். ஸ்லிப்புக்கு கார்பன் காப்பி ஒண்ணு. டிரைவர் குடுத்த ஒரிஜினல வெச்சு நான் ஒரு பர்ச்சேஸ் போட்டேன், நாலு நாள் கழிச்சு மண்டி பில்லோட கார்பன் காப்பி வந்துது, அத இன்னொரு ஷிஃப்ட் ஆளு போட்டாரு. ஸ்லிப் நம்பர ரெண்டு பேருமே நரேஷன்ல தான் அடிச்சிருந்தோம். நரேஷன்ங்கறது வெறும் குறிப்பு எழுதற எடம், அங்க எத எழுதினாலும் டேலி ஏன்னு கேக்காது. 9,340 கிலோவுக்கு மண்டிக்கு ரெண்டு தடவ பணம் போயிடுச்சு. சீசன் முடிஞ்சு வேபிரிட்ஜ் ரெஜிஸ்டர் கூட்டுத்தொகையும் பர்ச்சேஸ் ரெஜிஸ்டர் கிலோவும் ஒரு லாரி அளவு இடிச்சப்பதான் தெரிஞ்சுது. டெபிட்டும் கிரெடிட்டும் அதுவரைக்கும் ஒரு பைசா இடிக்காம டேலி ஆகிட்டேதான் இருந்துது, அதான் கொடுமை.

அன்னிக்குதான் டேட்டாபேஸ் பேப்பர்ல பிரைமரி கீன்னு (ஒரு டேபிள்ல ரெண்டு தடவ வரக்கூடாத அடையாளம்) மனப்பாடம் பண்ணது எதுக்குன்னு ஒறச்சுது. ஸ்லிப் நம்பர பிரைமரி கீயா வெச்சு ஒரு டேபிள் இருந்திருந்தா ரெண்டாவது தடவ அத உள்ளயே விட்டிருக்காது. 1982லயே மெக்கார்த்தினு ஒரு அமெரிக்கப் புரொஃபசர், டெபிட் கிரெடிட்ல இருந்து ஆரம்பிக்காதீங்க, பொருள், நிகழ்ச்சி, ஆளு இந்த மூணையும் பதிஞ்சா கணக்கு அதுல இருந்து தானா வரும்னு ஒரு மாடல் எழுதினாரு. நம்ம ஊரு பாஷைல சொன்னா மாங்கா, எடை போட்டது, மண்டிக்காரர். அந்த எடை போட்ட நிகழ்ச்சி ஒரே ஒரு தடவதான நடந்துது, ஆனா எங்க கணக்குல அது ரெண்டு தடவ நடந்திருக்கு.

சரி, ஒப்பீட்டுக்கு வரேன். டேலி கிளாஸ மட்டமா பேசறவன் நான் இல்ல. 1986ல பெங்களூர்ல ஆரம்பிச்ச கம்பெனி அது, நம்ம பக்கம் நகைக்கடை, டைல்ஸ் கடை, ஆடிட்டர் ஆஃபீஸ்னு எங்க வேலைக்குப் போனாலும் மொத கேள்வி டேலி தெரியுமான்னுதான், 2017 ஜூலை 1ல ஜிஎஸ்டி வந்த பிறகு கேக்கவே வேணாம். மூணு மாசத்துல எஃப்9 பர்ச்சேஸ், எஃப்8 சேல்ஸ், பேங்க் ரீகன்சிலியேஷன், இ-வே பில்னு கை ஓடும். ஆனா கைதான் ஓடும். கம்பெனிங்களுக்கு 2023 ஏப்ரல் 1ல இருந்து ஆடிட் டிரெயில் கட்டாயம் ஆயிடுச்சு, அதாவது யாரு எந்த என்ட்ரிய எப்ப மாத்தினாங்கன்னு சாஃப்ட்வேரே பதியணும், அத ஆஃப் பண்ணவும் முடியக்கூடாது. பழைய வவுச்சர சத்தமில்லாம திருத்தி வெச்ச காலம் அதோட போச்சு. இது ஏன் வந்துதுன்னு எந்த டேலி சென்டர்ல சொல்லித் தராங்க?

சாதா பி.காமுக்கு ஒரு பெரிய பிளஸ் இருக்கு. காஸ்டிங், இன்கம் டாக்ஸ்லாம் அவசரம் இல்லாம ஆழமாப் போகும், புரோகிராமிங்க்குப் பயந்து மார்க் விட வேண்டாம். டிகிரில 55 சதவீதம் வாங்கிட்டா நெஜ சிஏவுக்கே ஃபவுண்டேஷன்ங்கற மொத பரீட்சை இல்லாம நேரா அடுத்த கட்டமான இன்டர்மீடியட் சேரலாம், ஆடிட்டர்கிட்ட பயிற்சி எடுக்கற ஆர்ட்டிகிள்ஷிப்பும் இப்ப 2 வருஷமா கொறஞ்சிடுச்சு. பி.காம் சிஏ படிச்சவங்களுக்கும் அந்த வழி உண்டு, படிச்ச பேப்பருங்கள்ல அக்கவுண்டிங், ஆடிட்டிங், சட்டம் இந்த மாதிரி வேண்டிய எண்ணிக்கை இருக்கான்னு மட்டும் பாத்துக்கணும். பிசிஏ முழுக்க கம்ப்யூட்டர் டிகிரி, வேற ரூட், கணக்கு புடிச்ச பையனுக்கு அது வேணாம், அவ்ளோதான்.

இப்ப ஓசூர் மாமா சொல்ற சாப். 1972ல ஜெர்மனில ஆரம்பிச்சது, பெரிய ஃபேக்டரிங்கள்ல ஓடறது. ஓசூர்ல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில இருக்கற ஃப்ரெண்டு ஒருநாள் காட்டினான். சரக்கு உள்ள வந்தா மிகோன்னு ஒரு ஸ்க்ரீன்ல பதியணும், பில்லு வந்தா மிரோன்னு இன்னொண்ணுல, ஆர்டர், வந்த சரக்கு, பில்லு மூணையும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்கும், சரக்கு குடுக்கறவங்க விவரம் இருக்கற வெண்டர் மாஸ்டர்ல டபுள் இன்வாய்ஸ் செக்னு ஒரு டிக் கூட இருக்கு. அந்த டிக்கப் பாத்ததும் எனக்கு வயிறு எரிஞ்சுது, என் 9,340 கிலோவுக்கு மருந்து ஒரு சின்னக் கட்டத்துல ஒக்காந்திருக்கு. ஆனாலும் டிகிரி முடிச்ச கையோட லட்சம் லட்சமா கட்டி சாப் கோர்ஸ் சேர்றது எனக்கு ஒப்பல. ஃபேக்டரி பர்ச்சேஸ் எப்படி நடக்கும்னே பாக்காத பையனுக்கு மிரோ வெறும் நாலெழுத்து. அதுவும் பழைய ஈசிசி வெர்ஷனுக்கு 2027 கடைசியோட மெயின் சப்போர்ட் முடியுது, 2015ல வந்த எஸ்4 ஹானாவுக்குத்தான் எல்லாரும் நகர்றாங்க, இன்ஸ்டிடியூட்ல எதச் சொல்லித் தராங்கன்னு கேக்காம பணம் கட்டாதீங்க. ரெண்டு வருஷம் எங்கயாவது அக்கவுண்ட்ஸ்ல ஒக்காந்துட்டு போனா அதே கோர்ஸ் பாதி நேரத்துல புரியும்.

காசு விஷயமும் இருக்கு. அரசுப் பள்ளில ஆறாவதுல இருந்து படிச்ச பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன், மாசம் 1,000 ரூபா டிகிரி படிக்கறப்ப வரும், டேலி சென்டருக்கு மட்டும் போனா வராது. கிருஷ்ணகிரில ரயிலும் கெடையாது, தருமபுரில இருந்தாவது ரயில்ல ஓசூர், பெங்களூர் போயிடலாம், நமக்கு பஸ்தான். அதனால பெங்களூர் வீக்கெண்ட் கிளாஸ்னு யாராவது சொன்னா ஞாயித்துக்கிழமை பஸ்ஸுல நிக்கற கஷ்டத்தையும் ஃபீஸோட சேத்துக் கூட்டுங்க.

என் ஓட்டு பி.காம் சிஏவுக்கு, ஆனா டேட்டாபேஸ் லேப் நெஜமா நடக்கற காலேஜா இருந்தா மட்டும். கம்ப்யூட்டருக்குத் துணி மூடி வெச்சு ரெக்கார்ட் நோட்ட மட்டும் எழுத வைக்கற எடம்னா சித்தப்பா சொல்றதுதான் சரி, சாதா பி.காம் சேந்துட்டு சாயங்காலம் டேலி, லீவுல ஒரு ஆடிட்டர் ஆஃபீஸ்ல சும்மாவாச்சும் போய் ஒக்காரணும். செவ்வாய்க்கிழமை நானும் தம்பியும் ஒரு காலேஜ்ல லேப் பாக்கப் போறோம். கேக்கறதுக்கு ஒரே ஒரு கேள்விதான் எழுதிக் குடுத்திருக்கேன்: ஒரே ஸ்லிப் நம்பர ரெண்டு தடவ அடிச்சா உங்க பசங்க செஞ்ச டேபிள் என்ன பண்ணும் சார்?