கோலி சோடாவா, பன்னீர் சோடாவா, உப்பு எலுமிச்சையா?

மே மாதத்தில் ராயபுரம், காசிமேடு பக்கம் சாயங்காலம் ஆறு மணி ஆனாலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். கடல் காற்று வரும், கூடவே ஈரத்தையும் கொண்டுவரும். அந்த வெக்கையில் பீரை அப்படியே குடித்தால் பாதி பாட்டிலிலேயே வயிறு கனக்கும், தலையும் கனக்கும். கலந்து குடிப்பது அதற்காகத்தான். வீட்டில் பெரிய சாமான் இல்லாமல் செய்யக்கூடியவை மூன்று: பன்னீர் சோடா கலந்தது, மெக்சிகோக்காரர்கள் மிச்செலாடா என்று சொல்லும் உப்பு-எலுமிச்சை-காரம் போட்டது, வெறும் கோலி சோடாவோடு இஞ்சிப் பாகும் எலுமிச்சையும் சேர்த்த ஷாண்டி. என் ஓட்டு கோலி சோடாவுக்கு. மற்ற இரண்டையும் சீக்கிரம் பார்த்துவிடலாம்.

பன்னீர் சோடா சுலபம். பாதி பீர், பாதி பன்னீர் சோடா, முடிந்தது வேலை. ஜெர்மனியின் பவேரியாவில் ராட்லர் என்று குடிப்பதும் இதே பாதிக்குப் பாதி கணக்குதான், அங்கே எலுமிச்சை சோடா. 5 சதவீத பீர் 325 மில்லியோடு அதே அளவு சோடா சேர்ந்தால் போதை 2.5 சதவீதத்துக்கு இறங்கிவிடும். குறை இனிப்பில்தான். சோடா பாட்டில் லேபிளில் 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால், 325 மில்லியில் 32 கிராம், எட்டு டீஸ்பூன். முதல் தம்ளர் ஜில்லென்று இறங்கும், இரண்டாவது திகட்டும். ரோஜா வாசனையும் பீரின் கசப்பும் எல்லோர் நாக்கிலும் ஒத்துப்போகாது. சிலருக்கு ஊதுபத்தி ஞாபகம் வருகிறது. கறுப்பு கோலா கலப்பதற்கும் இதே பதில்தான்.

உப்பு-எலுமிச்சை வேறு ஜாதி. தம்ளர் விளிம்பில் எலுமிச்சை தேய்த்து, உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த தட்டில் ஒற்றியெடுக்க வேண்டும். உள்ளே 30 மில்லி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, நாலைந்து சொட்டு சோயா சாஸ், அதன்மேல் 300 மில்லி பீர். ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இங்கே தேடுவது லேசான பானம். சாறு மட்டுமே சேர்வதால் 5 சதவீத பீர் 4.5 சதவீதத்தில்தான் நிற்கும். உப்பு தாகத்தைக் கிளப்பும், தாகம் அடுத்த தம்ளரைக் கேட்கும். போதையைக் குறைக்க நினைத்தவருக்கு இது எதிர்ப்பக்கம் இழுக்கும்.

மூன்றையும் தரம்பிரிப்பது கடைசியில் ஒரே விஷயம்: கேஸ். கலவை தம்ளரில் இருக்கிற கால் மணி நேரத்துக்குச் சுருக்கென்று இருக்குமா, இல்லை ஐந்து நிமிஷத்தில் சப்பென்று ஆகிவிடுமா?

கேஸ் போவதற்கு முதல் காரணம் சூடு. சாதாரணக் காற்றழுத்தத்தில் 5 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 2.8 கிராம் கார்பன் டை ஆக்ஸைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அதில் பாதிகூடத் தாங்காது. பலரும் பீரை மட்டும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, சோடாவைக் கலக்கும் நேரத்தில் பெட்டிக்கடையிலிருந்து வாங்கி வருகிறார்கள். கடை வாசல் கிரேட்டில் வெயில் குடித்து நின்ற சோடா 32 டிகிரி இருக்கும். 5 டிகிரி பீர் 325 மில்லியில் அதை 200 மில்லி ஊற்றினால் கலவை ஒரே நொடியில் 15 டிகிரி. அதை மறுபடி 5 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 60 கிராம் ஐஸ் கரைய வேண்டும். அதாவது 60 மில்லி பச்சைத்தண்ணீர் உள்ளே போகிறது. போதாக்குறைக்கு ஐஸ் கட்டியின் சொரசொரப்பில் குமிழி கட்டி, மிச்ச கேஸும் மேலே ஓடிவிடும். பீரை எவ்வளவு நேரம் குளிரவைக்கிறீர்களோ அவ்வளவு நேரம் சோடாவும் உள்ளே இருக்கட்டும். அப்புறம் தம்ளரில் ஐஸே வேண்டாம்.

இரண்டாவது காரணம் தூள். கரையாத சர்க்கரை, உப்பு, மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சக்கை எதுவானாலும் அந்தத் துணுக்கு ஒவ்வொன்றும் குமிழி பிறக்கிற இடம். பீர் தம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால் நுரை பொங்கி மேஜையில் வழிவது இதனால்தான். உப்பு-எலுமிச்சை முறையின் பலவீனமும் இங்கேதான். காரம் உள்ளே விழ விழ கேஸ் போய்க்கொண்டே இருக்கும்.

கோலி சோடா முந்துவது இந்த இடத்தில். ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. உள்ளே அடைத்த கேஸே கோலியை மேலே தள்ளி ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அழுத்தம் குறைந்துபோன பாட்டிலில் கோலி தளர்ந்து கசியும், வாங்கும்போதே தெரிந்துவிடும். கட்டைவிரலால் அழுத்தும்போது 'டப்'பென்று அடித்தால் சரக்கு நன்றாயிருக்கிறது. புஸ்ஸென்று இறங்கினால் அந்தப் பாட்டிலைக் கலவைக்கு எடுக்காதீர்கள். இன்னொரு லாபம் அளவு. ஒரு பாட்டில் சுமார் 200 மில்லி, இரண்டு தம்ளருக்குச் சரியாக வரும், மிச்சம் நிற்காது. 750 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் பாதியை மூடி வைத்தால் அடுத்த ரவுண்டுக்குள் தொய்ந்துவிடும். வாய்ப்பகுதியில் கறுப்பு படிந்த பாட்டிலைத் திருப்பிக் கொடுங்கள். நல்ல பாட்டிலானாலும் திறக்கும் முன் கழுத்தைக் கழுவித் துடைப்பது நல்லது. கோலியைத் தள்ளும் விரல் படுகிற இடம் அது.

இஞ்சிப் பாகுக்கு 50 கிராம் இஞ்சியைத் தோல் சீவித் துருவி, 100 மில்லி தண்ணீர் விட்டு அரைத்துப் பிழியுங்கள். சாற்றைப் பத்து நிமிஷம் அசைக்காமல் வைத்தால் அடியில் வெள்ளையாகத் தங்கும். வீடுகளில் இஞ்சிச் சுண்ணாம்பு என்று ஒதுக்குவார்களே, அதுதான். உண்மையில் அது மாவுச்சத்து. விட்டால் பாகு கலங்கி, பீரில் நுரையைக் கிளப்பும். தெளிவை மட்டும் இறுத்து, 100 கிராம் சர்க்கரை போட்டு, கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கி, ஆறியபின் துணியில் வடிகட்டுங்கள். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். இஞ்சி பிடிக்காதவர்கள் நன்னாரி சர்பத் ஊற்றலாம். அது கெட்டியாக இருப்பதால் அளவில் கால்பங்கு குறையுங்கள்.

350 மில்லி தம்ளர் ஒன்றுக்குக் கணக்கு: பாகு 10 மில்லி, வடிகட்டிய எலுமிச்சைச் சாறு ஒன்றரை டீஸ்பூன், சோடா 100 மில்லி, பீர் 160 மில்லி. வரிசையை மாற்றவேண்டாம். முதலில் பாகும் சாறும், அதன்மேல் சோடா, நீளக் கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு தூக்கு. பீரில் இருக்கும் புரதம் நுரையைப் பிடித்து நிறுத்தும், சோடாவில் அது இல்லை. அதனால் கலக்குவதை சோடாவோடு முடித்துக்கொள்ள வேண்டும். கடைசியில் தம்ளரைச் சாய்த்து, பீரை ஓரமாக இறக்குங்கள். பாகைப் பீரின்மேல் ஊற்றினால் கனம் காரணமாக அடியில் போய்த் தங்கும், பிறகு கலக்கும்போது பாதி நுரையாகப் போகும். ஜக்கில் மொத்தமாகக் கலப்பதும் கூடாது. ஜக்கிலிருந்து தம்ளருக்கு ஊற்றும்போது இரண்டாவது முறை கேஸ் போகிறது.

இரண்டு தம்ளருக்கும் சேர்த்து சர்க்கரை 12, 13 கிராம்தான். போதை 5 சதவீத பீரில் சுமார் 3 சதவீதம். ஆனால் டாஸ்மாக்கில் கைக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஸ்ட்ராங். லேபிளைப் பாருங்கள். 7.5 சதவீதம் என்றிருந்தால் இதே அளவில் கலவை 4.3-க்கு மேல் போய்விடும், லேசான பானம் என்று சொல்ல முடியாது. அப்போது 325 மில்லி பீருக்கு இரண்டு கோலி சோடா, மூன்று தம்ளராகப் பிரிக்கலாம். ஸ்ட்ராங்கில் ருசி அடர்த்தியாக இருப்பதால் அந்தத் தண்ணீரைத் தாங்கும், லைட் லாகர் மாதிரி மெல்லிய பீர் தாங்காது. கோதுமை பீருக்கு இஞ்சியைவிட நன்னாரி பொருந்துகிற மாதிரி படுகிறது. ஆனால் அதை இரண்டு மூன்று முறைக்கு மேல் கலந்து பார்த்ததில்லை, அந்த அளவுக்கு மட்டும் நம்புங்கள். எந்தக் கலவையானாலும் வண்டிச் சாவியைத் தொடாதீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே சட்டப்படி குற்றம், ஷாண்டிக்குத் தனிச் சலுகை கிடையாது.

அவசரமாகக் குளிரவைக்க ஃப்ரீசரில் போட்டு மறப்பது பழைய தப்பு. பீர் பூஜ்யத்துக்கு இரண்டு மூன்று டிகிரி கீழேயே உறைய ஆரம்பிக்கும், விரிந்து பாட்டிலைப் பிளக்கும். பக்கெட்டில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கை கல்லுப்பு போட்டுச் சின்ன பாட்டிலை மூழ்க வைத்தால் இருபது, இருபத்தைந்து நிமிஷத்தில் வேலை முடியும். காசிமேட்டில் மீனுக்கு உடைக்கிற ஐஸ் இந்தப் பக்கெட்டுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் அது பாட்டிலுக்கு வெளியேதான், தம்ளருக்குள் ஒரு துண்டுகூட வரக்கூடாது. பாட்டிலை வெளியே எடுத்ததும் நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டுத் திறங்கள்.

உப்பு-எலுமிச்சைக்கு ஒரு நாள் மட்டும் விட்டுக்கொடுக்கலாம், தட்டில் வறுத்த நெத்திலி இருக்கும் நாள். மீன் எண்ணெய் உதட்டில் பட்டதும் எந்த பீரின் நுரையும் அடங்கிவிடும், ஷாண்டியின் அழகு அங்கே பலிக்காது. காரமும் புளிப்பும் அந்த எண்ணெயை வெட்டும். சின்ன சில்வர் தம்ளர், 150 மில்லிக்கு மேல் ஊற்றாமல்.