மூட் ட்ராக்கர் ஆப் நாலு மாசம் யூஸ் பண்ணேன், இதுல "ஒரு மாதிரி இருக்கு"ங்கறத எங்க போடறது?

நாலு மாசமா ஒரு மூட் ட்ராக்கர் ஆப் ஓட்டிட்டு இருக்கேன். திட்டவும் போறேன், அதனால பேர் வேண்டாம். இந்த வகை ஆப் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே டிசைன்தான், அஞ்சு மூஞ்சி வரிசையா நிக்கும், ஒண்ண தட்டணும், கீழ ரெண்டு வரி எழுதணும், மாசக் கடைசில கிராஃப் வரும். ஸ்டார் கேட்டா அஞ்சுக்கு மூணு.

முதல் கடுப்பு அதோட தமிழ். செட்டிங்ஸ்ல தமிழ் மாத்தினா "நீங்கள் இப்போது எவ்வாறு உணர்கிறீர்கள்?"னு கேக்குது. கோர்ட்ல கூண்டுல ஏத்தி விட்டா கூட இப்படி கேக்க மாட்டாங்க. நம்ம ஆளு யாராவது மூஞ்சிய பாத்தா "என்ன, ஒரு மாதிரி இருக்க?"ன்னுதான் கேப்பாங்க, நாமளும் "தெரியல, ஒரு மாதிரி இருக்கு"ன்னுதான் சொல்லுவோம். அந்த "ஒரு மாதிரி" இந்த அஞ்சு மூஞ்சில எங்கயும் இல்ல. நடுவுல வாய் நேர்கோடா ஒண்ணு இருக்கும் பாருங்க, அது "ஒண்ணும் இல்ல"ங்கற மூஞ்சி. ஒண்ணும் இல்லைக்கும் ஒரு மாதிரிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்ங்க.

சைக்காலஜில எமோஷன் வேற மூட் வேறன்னு பிரிக்கறதும் கிட்டத்தட்ட இதைத்தான். எமோஷனுக்கு ஒரு ஆளோ விஷயமோ இருக்கும், அவன் மேல கோபம், நாளைக்கு பரீட்சைன்னு பயம், சுர்ருன்னு வரும், சீக்கிரம் அடங்கிடும். மூடுக்கு அட்ரஸே கிடையாது, காலைல நாம எந்திரிக்கும்போதே கூடவே எந்திரிச்சு வரும், ராத்திரி வரைக்கும் பின்னாடியே சுத்தும், ஏன்னு கேட்டா பதில் இருக்காது. இந்த ஆப் ரெண்டையும் ஒரே டப்பால போட்டு குலுக்குது.

ஆனா ஒரு இடத்துல மட்டும் மாட்டிவிட்டுச்சு, அத சொல்லணும். ரெண்டாவது வாரம், அக்கா போன் பண்ணி "அந்த பேப்பர அனுப்பிட்டியா"ன்னு சாதாரணமாதான் கேட்டா, நான் வள்ளுன்னு விழுந்துட்டேன். போன வெச்ச அஞ்சாவது நிமிஷம் நோட்டிஃபிகேஷன். சிவப்பு மூஞ்சிய தட்டி "கோபம்" போட்டேன், கீழ "யார் மேல, எதனால"ன்னு ஒரு கட்டம். அக்கான்னு டைப் பண்ணேன், அழிச்சேன். ஆபீஸ்னு போட்டேன், அதையும் அழிச்சேன். கடைசில "மூணு நாளா சரியா தூங்கல"ன்னு போட்டுட்டு அந்த வரியையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். கடுகடுப்பு காலைல இருந்தே இருந்திருக்கு, பாவம் அவ குறுக்க வந்து மாட்டிக்கிட்டா. சாரி அக்கான்னு அனுப்பினேன், "சரி போய் தூங்கு"ன்னு பதில் வந்துச்சு.

இதுக்கு 1983ல ஷ்வார்ஸ், க்ளோர்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட் பண்ண ஒரு ஆய்வு இருக்கு. வெயில் நாள்லயும் மழை நாள்லயும் ஆளுங்களுக்கு போன் போட்டு வாழ்க்கை திருப்தியா இருக்கான்னு கேட்டாங்க, வெயில் நாள் ஆளுங்க ஓஹோன்னாங்க, மழை நாள் ஆளுங்க இழுத்தாங்க. ஆனா முதல்ல "அங்க வானிலை எப்படி"ன்னு கேட்டுட்டு அப்புறம் கேட்டா அந்த வித்தியாசம் காணோம், அதாவது மனசு டல்லா இருக்கறது மழையால, வாழ்க்கையால இல்லன்னு ஆளுங்களுக்கு பிடிபட்டுடுச்சு. பிற்பாடு பெரிய டேட்டா வெச்சு பாத்தவங்களுக்கு வானிலை எஃபெக்ட் அவ்வளவா கிடைக்கலங்கறதும் உண்மை, அதனால அத வேதவாக்கா எடுத்துக்காதீங்க, ஆனா அந்த கட்டம் எனக்கு செஞ்ச வேலை அதேதான்.

அடுத்தது வார்த்தை. ஆப்போட லிஸ்ட்ல மொத்தம் ஆறு: மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், வெறுப்பு, ஆச்சரியம். பால் எக்மன்ங்கற சைக்காலஜிஸ்டோட ஆறு அடிப்படை உணர்ச்சி லிஸ்ட்ட அப்படியே தூக்கி வெச்சிருக்காங்க, அது முகபாவத்த வெச்சு வந்த லிஸ்ட், மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு எழுதறதுக்கு பத்தாது. தொல்காப்பியம் மெய்ப்பாடு (உடம்புல வெளிப்படற உணர்ச்சி) எட்டுன்னு சொல்லிட்டு அழுகை ஒண்ணுக்கே இளிவு (அவமானம்), இழவு (இழப்பு), அசைவு (தளர்ச்சி), வறுமைன்னு நாலு காரணம் பிரிக்குது, இங்க எல்லாத்துக்கும் ஒரே சோகம். நல்லவேளை சொந்தமா டேக் போடலாம். நான் சேத்தது கடுப்பு, சலிப்பு, ஏக்கம், ஆதங்கம், ஆற்றாமை, குறுகுறுப்பு. கோபம்னு போட வந்த நாள்ல பாதி நாள் ஆற்றாமைதான் இருந்துச்சு. கோபம்னு நெனச்சா யாருக்காவது நீளமா ஒரு மெசேஜ் டைப் பண்ணியிருப்பேன், ஆற்றாமைன்னு எழுதினதும் அனுப்ப ஆளே இல்லன்னு தெரிஞ்சிடுது. லிசா ஃபெல்ட்மன் பேரட்ங்கற சைக்காலஜிஸ்ட் இந்த மாதிரி உணர்ச்சிய நுணுக்கமா பிரிச்சு பாக்கற திறமைய பத்தி நிறைய எழுதியிருக்காங்க. 2007ல லீபர்மன் குழு கோபமான, பயந்த முகங்கள காட்டி அந்த உணர்ச்சிக்கு பேர் வைக்க சொல்லி மூளைய ஸ்கேன் பண்ணப்போ, அமிக்டலாவோட (பயம் மாதிரி உணர்ச்சி வந்தா மூளைல உசுப்பேறற பகுதி) துடிப்பு குறைஞ்சுதாம். ஆப்புக்கு குடுக்கற மூணு ஸ்டார்ல ரெண்டு இந்த டேக்குக்குத்தான்.

கிராஃப் சுத்த வேஸ்ட். ரிமைண்டர் டீஃபால்ட்டா ராத்திரி ஒம்பது மணிக்கு வெச்சிருக்கான், அந்த நேரத்துல யாரு ஃப்ரெஷ்ஷா இருப்பா, முதல் மாசம் என் கிராஃப பாத்தா வாழ்க்கையே வெறுத்தவன் மாதிரி இருந்துச்சு. காலைக்கு மாத்தினேன், அடுத்த மாசம் நான் ஆனந்தமா இருக்கேனாம். 2010ல கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் ரெண்டு பேரும் ஐபோன் வெச்சு 2,250 பேர ஸ்டடி பண்ணப்போ எப்ப கேள்வி வரும்னே தெரியாத மாதிரி கண்ட நேரத்துல கேட்டாங்க, அப்படி கேட்டதாலதான் சுமார் 47 சதவீத நேரம் மனசு கையில இருக்கற வேலைய விட்டுட்டு எங்கயோ மேயுதுன்னு தெரிஞ்சுது. இந்த ஆப்ல அப்படி கண்ட நேரத்துல கேக்கற ஆப்ஷனே இல்ல. இதுல "நீங்கள் நடந்த நாட்களில் உற்சாகம் அதிகம்"னு ஒரு கண்டுபிடிப்பு வேற, டேய் உற்சாகமா இருந்த நாள்லதான்டா நான் நடக்கவே போனேன்.

ஒரு விஷயம் சீரியஸா. மூணாவது மாசம் தொடர்ந்து பதினாறு நாள் கடைசில இருக்கற அழுமூஞ்சியவே தட்டியிருக்கேன், ஆப் அதுக்கு ஒரு சூரிய உதயம் படமும் பொன்மொழியும் காட்டி, ஒரு நாள் கூட விடாம போட்ட ஸ்ட்ரீக்குக்கு கைதட்டுச்சு. மனச்சோர்வுன்னு டாக்டருங்க பாக்கறதுக்கு ரெண்டு வாரம்ங்கறது முக்கியமான கணக்கு, பிஹெச்க்யூ-9 கேள்வித்தாளும் கடைசி ரெண்டு வாரத்ததான் கேக்கும். "யாரையாவது போய் பாருங்க"ன்னு ஒரு வரி போட என்ன கேடு? நான் போனது அக்கா நச்சரிச்சதாலதான். ஒரு ஸ்டார் அங்கயே போச்சு.

அன்இன்ஸ்டால் பண்ணல. ரிமைண்டர் ஆஃப், ஸ்ட்ரீக் ஆஃப், கிராஃப் பக்கம் போறதே இல்ல. "ஒரு மாதிரி"ன்னு நானே ஒரு டேக் போட்டுக்கிட்டேன், நேத்து சாயங்காலம் கூட அத தட்டினேன், "எதனால" கட்டம் இன்னும் காலியாதான் கெடக்கு.