ஜியோடியூப்: கடலரிப்புக்கு வாங்கலாமா?

கருங்கல் கொட்டுவதற்கு மாற்றாகக் கடலோர ஊர்களில் இப்போது பேசப்படுவது ஜியோடியூப். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் இழையில் நெய்த நீளப் பை இது; 20 மீட்டர் நீளம், 3 மீட்டர் விட்டம் பரவலான அளவு. மணலையும் தண்ணீரையும் கலந்து பம்ப் வைத்து ஏற்றினால், தண்ணீர் துணி வழியே கசிந்து மணல் மட்டும் தங்கும். குவாரி வேண்டாம், லாரி வேண்டாம். ஒடிசாவின் பெந்தாவில் 505 மீட்டருக்கு இப்படிக் கரை கட்டியிருக்கிறார்கள்.

விட்டம் 3 மீட்டர் என்றாலும் நிரம்பிய பை தட்டையாகத்தான் உட்காரும். உயரம் ஒன்றரை மீட்டரை ஒட்டியே நிற்கும். மதிப்பீட்டை இதை வைத்தே போடுங்கள். உயரம் கூட்ட அழுத்தம் ஏற்றினால் தையல் பிரியும், துணியைவிடத் தையலுக்கு வலு குறைவு. அரைகுறையாக நிரப்பினால் உள்மணல் அலையோடு ஆடி, துணி உள்ளிருந்தே தேயும். நிரப்பி, வடியவிட்டு, மறுபடி நிரப்புவதே சரி. துணியின் கண் உங்கள் ஊர் மணலைவிடப் பெரிதாக இருந்தால் பை தானாகவே மெலியும். மணலின் பருமனை அளக்கும் சல்லடைப் பரிசோதனை முடியாமல் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

பெரும்பாலான தோல்வி அடியில்தான் தொடங்குகிறது. திரும்பும் அலை பையின் கடல்பக்கக் காலடியில் மணலை அள்ளும். பை முன்னால் உருளும். அதைத் தடுக்க அடியில் துணிவிரிப்பும், அதன் ஓரத்தில் விரிப்பை அழுத்திப் பிடிக்க மணல் நிரப்பிய சிறு நங்கூரக் குழாயும் வேண்டும். இவற்றை விட்டுவிட்டு விலை குறைத்துத் தரும் கொட்டேஷனை ஒதுக்கிவிடலாம்.

வெயிலில் மூடாமல் கிடந்தால் இழை நைந்துபோகும். படகின் அடிப்பக்கம், நங்கூரம், கத்தி எது பட்டாலும் கிழியும். தண்ணீருக்கடியில் ஒட்டுப்போடுவது பெரும்பாடு. நீளமான ஒரே பையைவிடச் சிறு பைகளை அடுக்குவது நல்லது, ஒன்று கிழிந்தால் அதன் மணல் மட்டுமே போகும்.

ஆனால் இது மணலை உண்டாக்காது. தமிழகக் கிழக்குக்கரையின் பெரும்பகுதியில், ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. கரையோடு சுவராகப் போட்டால், தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல்சுவர்) செய்வதுபோலவே வடக்கு முனைக்கு அப்பால் அரிப்பு தாவும். கடலுக்குள் சற்றுத் தள்ளி நீருக்கடியில் போட்டால் அலை அங்கேயே உடைந்து, பின்னால் மணல் தங்க இடம் கிடைக்கும். செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலூர் பெரியகுப்பம் என்ற ஊரில் தேசிய பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் செய்தது இந்த வகை. நான் பரிந்துரைப்பதும் இதையே, படகு வழியில் மிதவை அடையாளம் கட்டாயம் என்ற நிபந்தனையோடு. நிரப்பும் மணலை அதே கரையில் தோண்டாமல் தூர்ந்த முகத்துவாரத்திலிருந்து எடுங்கள்.