பழைய போனில் சொந்த ரிங்டோன்: வைக்கலாம், நிற்காது

ஸ்பீக்கர் மாற்றி வந்த என் பழைய பட்டன் போனைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் கேட்டார்: "இதே மாடல் ஒன்று எனக்குச் சும்மா கிடைக்கிறது, எடுத்துக்கொள்ளட்டுமா? நமக்குப் பிடித்த பாட்டை ரிங்டோனாக வைக்கலாம்தானே?" வைக்கலாம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் இந்த விஷயத்தில் இந்த போனோடு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல என்பதால் விரிவாகவே எழுதிவிடுகிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எம்பி3 பாடும், மெமரி கார்டு ஏற்கும், புளூடூத் உண்டு, தொடுதிரை கிடையாது. இந்த வகை போனை வைத்திருந்தவர்களுக்கு மற்றதெல்லாம் தெரிந்த கதைதான். கேமரா எப்படி, சார்ஜ் எவ்வளவு நிற்கும் என்பதெல்லாம் இங்கே வராது.

முதலில் எரிச்சல். பாட்டை மெமரி கார்டில் போட்டு ரிங்டோனாகத் தேர்ந்தெடுத்தால் போன் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறது, ஒருமுறை ஒலித்தும் காட்டுகிறது. பிறகு ஏதோ ஒரு வேலைக்காக கேபிள் மாட்டிக் கணினியோடு இணைக்கிறோம். இணைந்திருக்கும் நேரம் முழுக்க கார்டு கணினியின் பிடியில் இருக்கும், போனால் அதைத் தொட முடியாது. அப்போது அழைப்பு வந்தால் போனோடு வந்த கம்பெனி டோன்தான் அடிக்கும். அதுகூடப் பரவாயில்லை, பாட்டு இருக்கும் இடமே பூட்டிக் கிடக்கும்போது அது வேறு என்னதான் செய்யும்? கேபிளைக் கழற்றிய பிறகும் கம்பெனி டோனே அடிக்கிறது பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கார்டு திரும்ப வந்துவிட்டது. பாட்டு அதே ஃபோல்டரில் அதே பெயரில் இருக்கிறது. ப்ளேயரில் போட்டால் பாடவும் செய்கிறது. செட்டிங்கில் மட்டும் பாட்டின் பெயர் போய், கம்பெனி டோனின் பெயர் ஒன்றும் தெரியாததுபோல உட்கார்ந்திருக்கிறது.

பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் சில சமயம் இதே கூத்து. போன் ஆன் ஆகி, சிக்னல் பிடித்து, அதற்கும் பிறகு சாவகாசமாகத்தான் கார்டைப் படிக்கிறது. அந்த இடைவெளியில் யாராவது அழைத்துவிட்டால் தீர்ந்தது, மறுபடி மெனுவுக்குள் போய் எல்லாவற்றையும் வைக்க வேண்டும். 'எல்லாவற்றையும்' என்று சும்மா சொல்லவில்லை. பொது, கூட்டம், வெளியிடம் என்று இந்த போனில் ப்ரொஃபைல்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் டோனைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டுக்குள் நம் பாட்டு, வெளியே போனதும் கம்பெனி டோன் என்றாகிவிடும். விளைவு என்னவென்றால், என் போன் அடிப்பது எனக்கே தெரியாது. பக்கத்தில் யாருடையதோ அடிக்கிறது, ஏன் எடுக்காமல் இருக்கிறார்கள் என்று நான் மற்றவர்களை முறைத்துக்கொண்டிருப்பேன்.

போனின் பக்க நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அது பாட்டைத் தன்னிடம் பிரதி எடுத்து வைத்துக்கொள்வதில்லை, 'இன்ன ஃபோல்டரில் இன்ன கோப்பு' என்ற முகவரியை மட்டும் குறித்துக்கொள்கிறது. சில மெகாபைட் உள்நினைவகம் உள்ள கருவியில் இது சரியான முடிவு. கோப்பு காணாமல் போனால் மௌனமாக இருந்துவிடாமல் கம்பெனி டோனை அடிப்பது அதைவிடச் சரியான முடிவு, அழைப்பு தவறக்கூடாது அல்லவா? ஆனால் தற்காலிகமாக மாற்று டோனை அடிப்பது வேறு, குறித்து வைத்த முகவரியையே அழித்துவிடுவது வேறு. கார்டு திரும்பி வந்ததும் ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் போதும். அந்தச் சின்னச் சோதனையை எழுத யாருக்கும் தோன்றவில்லை என்பதை இத்தனை வருடம் கழித்தும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதற்கு வழி இருக்கிறது. டோனை கார்டில் வைக்கவே கூடாது, போனின் உள்நினைவகத்தில் வைக்க வேண்டும். இடம் போதுமா என்றால், கணக்குப் போட்டால் தாராளமாகப் போதும். முழுப் பாட்டு எதற்கு? யாரும் அவ்வளவு நேரம் எடுக்காமல் இருக்கப்போவதில்லை. 20 விநாடி போதும். போனில் இருப்பது ஒரே ஸ்பீக்கர், ஸ்டீரியோவால் பயனில்லை, மோனோவாக, அதாவது ஒரே ஒலித்தடமாக்கி விநாடிக்கு 64 கிலோபிட் என்று எம்பி3 ஆக்கினால் 20 விநாடிக்கு 160 கிலோபைட்தான் வரும். அதே துண்டைச் சுருக்காத வேவ் கோப்பாக, சிடி தரத்தில் மோனோவாக வைத்தால் 1.7 மெகாபைட்டைத் தாண்டிவிடும். வேடிக்கை என்னவென்றால், கேபிளில் அனுப்பினால் இந்த போன் கார்டை மட்டுமே கணினிக்குக் காட்டுகிறது. புளூடூத்தில் அனுப்பினால் கோப்பு நேராக உள்நினைவகத்தில் 'வந்தவை' ஃபோல்டரில் போய் விழுகிறது. வேகமான வழி எல்லாவற்றையும் கெடுக்கிறது, ஆமை வேக வழி சரியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 160 கிலோபைட்டுக்கு ஆமை வேகமே அதிகம்.

பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள். தமிழில் வைத்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும், எது எந்தப் பாட்டு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டால் பட்டியலில் முதலில் வந்து நிற்கும். எம்பி3க்குள் ஒட்டியிருக்கும் ஆல்பம் படத்தையும் நீக்கிவிடுங்கள். சில சமயம் பாட்டுத் துண்டைவிட அதுதான் பெரிதாக இருக்கும்.

இனி இந்த போன் எனக்குத் தந்த சந்தோஷம். அது நானாக எதிர்பார்க்காதது. இந்தச் சின்ன ஸ்பீக்கருக்கென்று பாட்டைச் செதுக்குவது ஒரு தனி வேலை, அதில் இறங்கினால் நேரம் போவதே தெரியாது. விரல்நுனி அகல ஸ்பீக்கரின் சவ்வு தாழ்ந்த ஒலிக்குத் தேவையான அளவு காற்றைத் தள்ளாது. அதனால் கச்சேரித் துண்டு ஒன்றை வைத்தால் மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலை கேட்கும், தாழ்ந்த ஒலி தரும் இடது முகமான தொப்பி அநேகமாகக் காணாமல் போய்விடும். வீணையின் மேல் ஸ்தாயி வரும், கீழ் ஸ்தாயியான மந்தரம் வராது. புல்லாங்குழல், பெண்குரல், வயலின் எல்லாம் கணீரென்று வரும். நம் காதும் ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கூர்மையாகப் பிடிக்கிறது, அதனால் அந்தப் பகுதியில் அடர்த்தியாக இருக்கும் துண்டு பைக்குள் இருந்து ஒலித்தாலும் கேட்டுவிடும். ஆண்குரல் மெலிந்து ஒலித்தாலும் அடையாளம் தெரியும். பழைய தொலைபேசி வழித்தடம் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது, அதில் குரலின் அடிநாதம் வராவிட்டாலும் மேலே உள்ள துணைநாதங்களை வைத்து மூளை அதை ஊகித்துக்கொண்டது. இங்கும் அதேதான் நடக்கிறது.

ஆகவே கேட்காத பகுதியை முதலிலேயே வெட்டிவிடுவது நல்லது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஹை-பாஸ் ஃபில்டர் இருக்கிறது, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைத் தணித்துவிடும். ஸ்பீக்கரில் வராத ஒலியை ஏன் வெட்ட வேண்டும் என்று தோன்றும். வராவிட்டாலும் அது சும்மா இருப்பதில்லை. சவ்வை வீணாக உதறவைக்கும், கரகரப்பு அதனால்தான் வருகிறது. அதை எடுத்துவிட்டால் மிச்சத்தின் சத்தத்தை நன்றாக ஏற்றலாம். வெட்டும் முன்னும் பின்னும் ஒரே துண்டைப் போட்டுக் கேட்டால் வேறு போனோ என்று சந்தேகம் வரும்.

எங்கே தொடங்குவது என்பதும் முக்கியம். முன்னிசை மெல்ல எழும்பும் பாட்டை அப்படியே வைத்தால், பாட்டு சூடு பிடிக்கும்போது அழைத்தவர் வைத்துவிட்டிருப்பார். முதல் விநாடியிலேயே குரலோ வாத்தியமோ எடுப்பாக இருக்க வேண்டும். போனில் 'ஏறுமுகம்' என்றொரு ஒலிப்பு முறை உண்டு, சத்தம் சிறிதாகத் தொடங்கிப் பெரிதாகும். சொந்த டோன் வைத்தால் அதை அணைத்துவிடுங்கள். முடியும் இடம் இன்னும் நுட்பமானது. ஆவர்த்தனம், அதாவது ஒரு தாளச் சுற்று, முடியும் இடத்தில் அச்சாக வெட்டினாலும், மறுபடி தொடங்கும்போது ஒரு சின்னத் தடுக்கல் விழும். வெட்டியவர் மேல் குற்றமில்லை. எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் (ஒலியின் நொடிப்பொழுது அளவீடுகள்) கொண்ட சட்டகங்களாகத்தான் கட்டுகிறது, தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்சம் வெற்றிடம் சேர்ந்துவிடும். விநாடியில் நூறில் சில பங்குதான், ஆனாலும் தாளக்கட்டு தெரிந்த காதுக்கு அது நெருடும். கடைசியில் நாமே அரை விநாடி மௌனம் விட்டு, குரலைத் தேய்ந்து மறையவைத்தால் பாடகர் மூச்சு வாங்கிவிட்டுத் திரும்ப எடுப்பதுபோல இயல்பாகிவிடும்.

காசு கொடுத்து இறக்கிய அந்தக் காலத்து டோன்கள் சில என்னிடம் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றையும் வெளியே எடுக்க முடியாது, இன்னொரு போனுக்கு அனுப்பவிடாமல் பூட்டு போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் அவற்றைப் பற்றி.

இதற்கும் முந்தைய தலைமுறை போன்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2000-இல் வந்த நோக்கியா 3310-இல் கம்போசர் என்று ஒன்று இருந்தது. பாட்டுக் கோப்பு எதுவும் வேண்டாம், பட்டன்களை அமுக்கியே மெட்டமைக்கலாம். 1 முதல் 7 வரை ஏழு ஸ்வரம், ச-வில் தொடங்கி நி வரை வைத்துக்கொள்ளலாம். 8 ஸ்வரத்தைக் குறுக்கும், 9 நீட்டும், 0 நிறுத்தம், நட்சத்திரப் பட்டன் ஸ்தாயி மாற்றும், ஹேஷ் பட்டன் அரை ஸ்வரம் ஏற்றும். மொத்தம் 50 ஸ்வரங்கள்தான் கொள்ளும், ஒரு நேரத்தில் ஒரே நாதம். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் கிடையாது, அதனால் தோடி மாதிரி ராகங்கள் எலும்புக்கூடாகத்தான் வரும். மோகனம் தப்பித்துவிடும். அந்த மெட்டுகளைத் தாளில் எழுதி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளலாம், போனுக்குள் தட்டினால் ஒலிக்கும். என் போன் முழுப் பாட்டையே பாடும், ஆனால் அதில் இந்த வசதி இல்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆளுக்கொரு டோன் விஷயத்துக்கு வருகிறேன், இந்த போனை நான் இன்னும் வைத்திருப்பதே இதற்காகத்தான். தொடர்புப் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் தனி டோன் ஒதுக்கலாம். அம்மாவுக்குப் புல்லாங்குழல், அலுவலகத்துக்கு ஒரு வறண்ட மணி, தம்பிக்கு அவனுக்குப் பிடிக்காத பாட்டு. மாவு பிசையும் கையோடு இருந்தாலும் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டியதில்லை, இரண்டு ஸ்வரத்தில் ஆள் தெரிந்துவிடும். எடுக்கலாமா, பிறகு பேசலாமா என்று நின்ற இடத்திலேயே முடிவெடுத்துவிடலாம். ஒரு நிபந்தனை: பெயர் போனின் நினைவகத்தில் இருக்க வேண்டும். சிம்மில் இருக்கும் பெயர்களுக்கு இது நடக்காது, சிம் பதிவில் டோனைக் குறித்து வைக்க இடமே இல்லை. எல்லாப் பெயர்களையும் போனுக்கு நகலெடுத்துவிட்டு, சிம்மில் இருப்பதைப் பட்டியலில் காட்டாதபடி செட்டிங்கில் மறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே எண் இரண்டு இடத்திலும் தெரியும், அழைப்பு வரும்போது எந்தப் பதிவை எடுத்துக்கொள்வது என்று என் போன் குழம்பும்.

இவ்வளவும் ஒழுங்காக அமைந்து, டோன்கள் உள்நினைவகத்தில் பத்திரமாக இருந்த நிலையில்தான் ஸ்பீக்கர் போயிற்று. மாற்றியவர்கள் நன்றாகவே மாற்றியிருக்கிறார்கள், சத்தம் முன்னைவிட எடுப்பு, கொஞ்சம் கூர்மையும் கூட. கேட்காமலே மென்பொருளையும் புதிதாக ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே இருந்த டோன்கள், யாருக்கு எது என்று ஒதுக்கியது, ப்ரொஃபைல் அமைப்புகள் எல்லாம் சுத்தமாகத் துடைத்துப் போயின. இப்போது எல்லோருக்கும் கம்பெனி டோன்தான், அம்மாவுக்கும் அதுதான். கார்டில் பிரதி இருக்கிறது, இழப்பில்லை. ஒவ்வொன்றாக உள்ளே நகர்த்தி, ஒவ்வொரு பெயராகத் திறந்து ஒதுக்க வேண்டும். இந்த மெனுவில் ஒரு பெயருக்கு டோன் வைத்துவிட்டு வெளியே வந்தால் அடுத்த பெயருக்குப் போகாது, பட்டியலின் தலைக்கே கொண்டுபோய் நிறுத்தும். 'வ'வில் தொடங்கும் பெயர்களின் சொந்தக்காரர்களெல்லாம் மன்னிக்கவும், உங்கள் முறை வரும்வரை எனக்குப் பொறுமை இருக்குமா தெரியாது.

மதிப்பெண் கேட்டால், ரிங்டோன் விஷயத்தில் 5-க்கு 2. மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு 2 தானா என்றால், ஆமாம், இன்று 2 தான். நண்பரே, சும்மா கிடைப்பதால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். கேபிளும் சேர்த்துத் தந்தால் அதை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.