கன அளவை நம்பலாம், புறப்பரப்பைத் துருவிப் பார்க்க வேண்டும்: மெஷ்லேப், கிளவுட்கம்பேர், பிளெண்டர், ஸ்லைசர் பயன்பாட்டு அனுபவம்

மெஷ்லேப், கிளவுட்கம்பேர், பிளெண்டர், த்ரீடி ஸ்லைசர் என்ற இந்த முப்பரிமாண மென்பொருள்கள் நான்கும் இலவசம், நான்கும் திறமூலம். துளையில்லாமல் மூடிய ஒரே மெஷ்ஷை (முக்கோணங்களை ஒட்டிச் செய்த மேற்பரப்பை) நான்கிலும் திறந்து அளந்தால், கன அளவு தசமப் புள்ளிக்குப் பின்னும் சில இலக்கங்கள் வரை ஒத்துப்போகும். "எது துல்லியம்?" என்று மென்பொருளை வைத்துச் சண்டை போடுவதில் பயனில்லை. அடிக்கணக்கு எல்லாவற்றிலும் ஒன்றுதான். பிழை வருவது மெஷ்ஷிலிருந்து. அந்தப் பிழையை எந்த மென்பொருள் வாய்விட்டுச் சொல்கிறது, எது மூடி மறைக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

அடிக்கணக்கு இப்படி: ஒவ்வொரு முக்கோணத்தையும் ஆதிப்புள்ளியோடு இணைத்தால் ஒரு நான்முகி கிடைக்கும். அதன் கன அளவு a·(b×c)/6. முக்கோணம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்து அது கூட்டலாகவோ கழித்தலாகவோ வரும். மேற்பரப்பு முழுதும் மூடியிருந்தால் உடலுக்கு வெளியே உள்ள பகுதிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, உள்ளே இருப்பது மட்டும் மிஞ்சும். ஓட்டை இருந்தால் அடிபடாத மிச்சம் தங்கிவிடும். அந்த மிச்சம் ஆதிப்புள்ளி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். இதிலிருந்தே ஒரு சோதனை கிடைக்கிறது: மாதிரியை 100 மிமீ நகர்த்தி மறுபடி அளந்து பாருங்கள். எண் மாறினால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அல்லது சில முக்கோணங்கள் திரும்பிக் கிடக்கின்றன.

மெஷ்லேப்பில் ஃபில்டர்ஸ் மெனுவின் 'குவாலிட்டி மெஷர்' பிரிவில் 'கம்ப்யூட் ஜியோமெட்ரிக் மெஷர்ஸ்' என்று இருக்கும். விடை தனிப் பெட்டியில் வராது, பதிவுப் பலகையில் எழுத்தாக விழும். புதியவர்கள் பலர் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்து மூன்று முறை அழுத்துவார்கள். மெஷ் மூடியிருக்கவில்லை என்றால் அதையும் அங்கேயே சொல்லிவிடும். கிளவுட்கம்பேரில் எடிட், மெஷ், 'மெஷர் வால்யூம்'. ஓட்டை இருந்தால் கீழே கன்சோலில் எச்சரிக்கை வரும், கவனித்தால் உண்டு. பிளெண்டரின் 'த்ரீடி பிரிண்ட் டூல்பாக்ஸ்' இதில் மோசம். அடிப்பாகமே இல்லாத கிண்ணத்துக்கும் முகம் சுளிக்காமல் ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். அதே கருவியில் 'செக் ஆல்' பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தாமல் கன அளவைப் படிக்காதீர்கள்.

அளப்பதற்கு முன் மெஷ்லேப்பின் 'கம்ப்யூட் டோபாலஜிக்கல் மெஷர்ஸ்' ஓட்டுவது நல்ல பழக்கம். ஓர விளிம்புகள் (ஒரே முக்கோணம் மட்டும் தொடுபவை) 0, நான்-மேனிஃபோல்டு விளிம்புகள் (இரண்டுக்கு மேல் முக்கோணங்கள் சேர்பவை) 0 என்று வர வேண்டும். ஓட்டை இருந்தால் 'க்ளோஸ் ஹோல்ஸ்' இருக்கிறது. அதன் இயல்பு வரம்பு 30 விளிம்பு என்பதால் பெரிய துளைகளைத் தொடாமல் விட்டுவிடும். வரம்பை 5000 ஆக்கினால் மூடும்தான், ஆனால் வளைந்த பரப்பில் சப்பையான ஒட்டுப்போட்டு மூடும். மேசைமேல் வைத்து ஸ்கேன் செய்த பொருளுக்கு அடிப்பாகம் இருக்காது. அதற்குப் பிளெண்டரின் 'பைசெக்ட்' கருவியில் 'ஃபில்' தேர்வை இட்டு, ஓரத்துக்குச் சற்று மேலே ஒரு தளத்தால் வெட்டி மூடுவதே சுத்தமான வழி. புள்ளிகளிலிருந்து மேற்பரப்பைப் புதிதாகக் கட்டும் பாய்சான் மறுகட்டமைப்பு எல்லாத் துளையையும் ஒரே மூச்சில் மூடும் என்று சிலர் அதற்குப் போவார்கள். அது அடிப்பாகத்தைப் பலூன் போல உப்ப வைத்து, இல்லாத கன அளவைச் சேர்த்துவிடும்.

மூடிய மெஷ்ஷும் பொய் சொல்லும். இரண்டு உடல்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருந்தால் பொதுவான பகுதி இரண்டு முறை எண்ணப்படும். 10 மிமீ கனசதுரங்கள் இரண்டு ஒரு முகத்தில் ஒட்டி நின்றால் கன அளவு 2000 மிமீ³ என்று சரியாகவே வரும். புறப்பரப்போ 1000 மிமீ²க்குப் பதில் 1200 காட்டும், உள்ளே மறைந்த இரண்டு முகங்களும் கணக்கில் ஏறுவதால். பூலியன் யூனியன் (உடல்களை ஒன்றாக்கி உள்முகங்களை நீக்குவது) செய்த பிறகே அளக்க வேண்டும்.

அலகு விஷயத்தில் எஸ்டிஎல் (த்ரீடி அச்சுக்குப் பரவலாகப் பயன்படும் மெஷ் வடிவம்) கோப்பை நம்பவே கூடாது. அதில் அலகு என்ற தகவலே கிடையாது, வெறும் எண்கள்தான். 20 மிமீ கனசதுரம் பிளெண்டரின் இயல்பு அமைப்பில் 20 மீட்டர் கனசதுரமாக வந்து நிற்கும். அங்குலத்தை மிமீ என்று எடுத்துக்கொண்டால் புறப்பரப்பு 645.16 மடங்கு, கன அளவு 16387.064 மடங்கு பிசகும். இந்த மாதிரிப் பெரிய பிசகு கண்ணில் பட்டுவிடும். ஒளிப்படங்களிலிருந்து கட்டிய மாதிரியில் அளவுகோலை 1% தவறாகக் குறித்தால் யாருக்கும் தெரியாது, ஆனால் கன அளவு 3% தள்ளிப்போகும். பொருளைவிட நீளமான அளவுகோல் வைத்து, இரண்டு வெவ்வேறு திசைகளில் சரிபார்ப்பது நல்லது.

இனி புறப்பரப்பு. இதைச் சற்று விரித்துச் சொல்லியே ஆக வேண்டும். முக்கோணங்களின் பரப்பைக் கூட்டுவதுதான் மொத்தக் கணக்கு. கூட்டல் கழித்தல் அடித்துக்கொள்ளுதல் இங்கே கிடையாது. ஸ்கேனர் இரைச்சலால் மேற்பரப்பு மேலும் கீழும் நடுங்கினால் கன அளவில் அது சமன்பட்டுவிடும். பரப்பில் ஒவ்வொரு நடுக்கமும் கூடிக்கொண்டே போகும். முக்கோணங்கள் உண்மையான தளத்திலிருந்து 20 பாகை சாய்ந்திருந்தால் பரப்பு சுமார் 6% கூடும், 30 பாகை என்றால் 15%க்கு மேல். ஸ்கேன் நெருக்கத்தைக் கூட்டினால் துல்லியம் கூடும் என்று நினைப்போம். இரைச்சல் அப்படியே இருந்து புள்ளி இடைவெளி மட்டும் குறைந்தால் சாய்வு இன்னும் செங்குத்தாகி, பரப்பு ஊதிப்போகும். சொரசொரப்பான கல், பவளம் போன்றவற்றுக்கு 'உண்மையான புறப்பரப்பு' என்ற ஒற்றை எண்ணே இல்லை. முக்கோணத்தின் சராசரி விளிம்பு நீளத்தைச் சேர்த்துச் சொல்லாத பரப்பளவை இன்னொருவருடையதோடு ஒப்பிட முடியாது.

இரைச்சலைக் குறைக்க லாப்லாசியன் மென்மையாக்கலை (ஒவ்வொரு புள்ளியையும் அண்டைப் புள்ளிகளின் சராசரி நோக்கி நகர்த்துவதை) ஓட்டினால் உருவமே சுருங்கும், கன அளவு இறங்கும். டாபின் முறை இந்தச் சுருக்கத்தைத் தடுக்கவென்றே அமைந்தது: லாம்ப்டா அளவு சுருக்கி, மியூ அளவு திரும்ப விரிக்கும். மெஷ்லேப்பில் லாம்ப்டா 0.5, மியூ −0.53 என்ற இயல்பு மதிப்புகளே பெரும்பாலும் போதும். ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் கன அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிடி, எம்ஆர்ஐ படங்களுக்குத் த்ரீடி ஸ்லைசர்தான் பொருத்தம். அதன் 'செக்மென்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' கன அளவை இரண்டு விதமாகத் தரும். ஒன்று வோக்சல்களை (படத்தின் குட்டிக் கனப் பெட்டிகளை) எண்ணியது, மற்றது மூடிய மேற்பரப்பிலிருந்து கணக்கிட்டது. மேற்பரப்புக்கு 0.5 அளவு மென்மையாக்கல் இயல்பாகவே இருப்பதால் சிறிய, மெல்லிய அமைப்புகளில் இரண்டும் விலகும். விலகல் பெரிதென்றால் அந்தப் பொருளுக்கு வோக்சல் மிகப் பெரிது என்று அர்த்தம். எல்லையைத் தீர்மானிக்கும் த்ரெஷோல்டும் (எந்தப் பொலிவு வரை பொருள் என்ற வெட்டு மதிப்பும்) அதே அளவு முக்கியம். 20 மிமீ விட்டமுள்ள உருண்டையின் எல்லை 0.5 மிமீ வெளியே நகர்ந்தால் கன அளவு கிட்டத்தட்ட 16% ஏறும். படத்துண்டுகளை ஏற்றும்போது துண்டின் தடிமனையும் துண்டுகளுக்கு இடையிலான தூரத்தையும் குழப்பிக்கொண்டால் அந்தத் திசையில் உருவமே நீளும் அல்லது நசுங்கும். கணக்கில் வர வேண்டியது இடைத்தூரம்.

வோக்சல் முகங்களை எண்ணிப் பரப்பு காணும் நிரல்களைத் தவிர்த்துவிடுங்கள். உருண்டைக்கு அது உண்மையைப் போல 1.5 மடங்கு காட்டும். வோக்சலை எவ்வளவு சிறிதாக்கினாலும் அந்த 1.5 இறங்காது, படிக்கட்டு எவ்வளவு குட்டியானாலும் படிக்கட்டுதான். வோக்சல்களிலிருந்து மேற்பரப்பைக் கட்டும், 1987இல் வந்த மார்ச்சிங் க்யூப்ஸ் முறை சாய்ந்த முக்கோணங்களை இடுவதால் பரவாயில்லை, ஆனால் உள்ளே, வெளியே என்று மட்டும் குறித்த வெறும் கறுப்பு-வெள்ளை மாஸ்க்மேல் ஓட்டினால் படிகளின் தடம் அதிலும் தெரியும்.

நில அளவை மாதிரிகளுக்கு ஒரு தனிப் பொறி உண்டு. ஆயத்தொலைவு 14,00,000 மீட்டர் போலப் பெரிதாக இருந்தால் 32 பிட் தசம எண்ணில் அடுத்தடுத்த மதிப்புகளின் இடைவெளி 0.125 மீட்டர் ஆகிவிடும். மேற்பரப்பு படிப்படியாக உடைந்து காட்சி தரும். கிளவுட்கம்பேர் கோப்பைத் திறக்கும்போது 'குளோபல் ஷிஃப்ட்' (பெரிய ஆயத்தொலைவைக் கழித்துச் சிறிதாக்குவது) கேட்பது இதற்காகத்தான், 'நோ' சொல்லிவிடாதீர்கள். மண்குவியலுக்கு மூடிய மெஷ் கட்டி அல்லாட வேண்டியதில்லை. அங்கே கட்டம் கட்டமாக உயரத்தை வைத்துக் கணக்கிடும் 2.5டி வால்யூம் கருவியே போதும், காலிக் கட்டங்களை எப்படி நிரப்பச் சொல்கிறோம் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சந்தேகம் வந்தால் முதலில் 20 மிமீ கனசதுரத்தை அதே வழியில் ஏற்றி 8000 மிமீ³, 2400 மிமீ² வருகிறதா என்று பாருங்கள். உருளையை வைத்துச் சோதிப்பவர்கள், பிளெண்டரின் இயல்பான 32 பக்க உருளை உண்மை உருளையைவிடக் கன அளவில் 0.64% குறைவு என்பதை மறக்க வேண்டாம். கைக்கு அடங்கும், நீர் குடிக்காத பொருள் என்றால் தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துப் பூச்சியமாக்கி, பொருளை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக முழுகத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கிட்டத்தட்ட அதன் கன அளவு செமீ³ கணக்கில். நீரில் மிதக்கும் பொருளை மெல்லிய கம்பியால் அழுத்திப் பிடிக்கலாம். மேலே ஒட்டிய காற்றுக் குமிழிகளை மட்டும் தட்டிவிட வேண்டும்.