அப்பாவின் மாஸி பெர்குசன் 135-ஐ மீட்டுத் தந்த பெஸ்தாரி ஜெயா பட்டறை

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஈஜோக் செல்லும் சாலையில் பெயர்ப்பலகை இல்லாத டிராக்டர் பட்டறை ஒன்று உள்ளது. ஊரைப் பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரிலேயே இன்னும் அழைக்கும் பெரியவர்கள் யாரிடம் கேட்டாலும் வழி சொல்வார்கள். ஓராண்டு காலம் கொட்டகையில் முடங்கிக் கிடந்த எங்கள் மாஸி பெர்குசன் 135 டிராக்டரை லோரியில் ஏற்றி அங்கே கொண்டு சேர்த்தேன். ஐந்து வாரங்களுக்குப் பிறகு அதே வண்டியை நானே ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினேன்.

வண்டி 1972-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கவெண்ட்ரி நகரில் செய்யப்பட்டது. மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின், ஏறத்தாழ 45 குதிரைத்திறன். என் தந்தையார் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுநராக இருந்தபோது பல ஆண்டுகள் இதே வண்டியைத்தான் ஓட்டினார். நிர்வாகம் பழைய வண்டிகளைக் கழித்துக்கட்டியபோது, தம் சேமிப்பிலிருந்து பணம் கொடுத்து இதை வாங்கினார். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் தொடங்கப்பட்ட தென்னமரம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. தோட்டங்கள் கழித்த டிராக்டர்கள் இங்கே சிறுதோட்டக்காரர்களின் கைக்கு வந்து மேலும் பல ஆண்டுகள் உழைப்பது வழக்கம். எங்கள் ஆறு ஏக்கர் செம்பனையில் அறுக்கும் குலைகளை எடைபோடும் இடத்துக்கு இழுத்துச் செல்வதுதான் இதன் வேலை. அறுத்த குலை ஒரு நாளுக்கு மேல் கிடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கிவிடும் என்பதால், அறுவடை நாளில் வண்டி நின்றுபோனால் அது நேராக வருமானத்தில் அடிக்கும்.

கோளாறு சிறிது சிறிதாகத்தான் வந்தது. காலையில் எஞ்சின் கிளம்புவதற்கு நெடுநேரம் பிடிக்கும். கிளம்பியதும் வெள்ளைப் புகை தள்ளும். டிரேலர் காலியாக இருக்கும்போது ஒழுங்காக ஓடும் வண்டி, குலை ஏற்றி மேட்டில் ஏறும்போது மூச்சுத் திணறுவதுபோல் இழுத்து அணைந்துவிடும். சற்று நேரம் விட்டுவிட்டால் மீண்டும் கிளம்பும். வேறோர் ஊரில் உள்ள பட்டறையில் காட்டியபோது, டீசல் பம்பும் எஞ்சினும் தேய்ந்துவிட்டன, முழுவதும் பிரித்துச் செய்ய 7,500 வெள்ளி (ரிங்கிட்) ஆகும், இல்லையென்றால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்றார்கள். அவர்கள் ஒரு நட்டைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஓராண்டைக் கடத்தினேன்.

ஈஜோக் சாலைப் பட்டறையை நடத்தும் அண்ணனுக்கு அறுபது வயது இருக்கும். அவரும் முன்பு தோட்டத்துப் பட்டறையில் வேலை பார்த்தவர். வண்டியை இறக்கியவுடன் அவர் ஸ்பானரை எடுக்கவில்லை. எஞ்சின் எண்ணெயின் அளவுக்கம்பியைத்தான் உருவினார். எண்ணெய் மேல் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் உயரம் நின்றது. “எப்போது எண்ணெய் ஊற்றினீர்கள், தம்பி?” என்று கேட்டார். ஓராண்டாக ஊற்றவில்லை என்றேன். கம்பியின் நுனியை விரல்களுக்கிடையே தேய்த்து என்னிடம் நீட்டினார். எண்ணெயின் வழவழப்பு இல்லை, தண்ணீர்போல் ஓடியது. டீசல் வாடை அடித்தது. பிறகு பழைய நாளிதழின் ஓரத்தில் அந்த எண்ணெயில் ஒரு சொட்டும், பக்கத்தில் புதிய எண்ணெயில் ஒரு சொட்டும் விட்டு, தேநீர் குடித்துவிட்டு வரலாம் என்றார். நாங்கள் திரும்பி வந்தபோது புதிய சொட்டு விட்ட இடத்திலேயே கனமாக நின்றது. எங்கள் வண்டியின் சொட்டோ நடுவில் கறுப்பாகவும் அதைச் சுற்றி வெளிறிய ஈர வளையமாகவும் பரவியிருந்தது. டீசல் எண்ணெயில் கலந்துவிட்டது என்பதற்கு அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

தொட்டியிலிருந்து டீசலை இழுத்து வடிகட்டிக்கும் பெரிய பம்புக்கும் அனுப்பும் சிறிய பம்பு ஒன்று எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கிறது. அதற்குள் இருக்கும் ரப்பர் தோல் கிழிந்திருந்தது. இந்த வண்டியில் டீசல் தொட்டி எஞ்சினுக்கு மேலேயே இருப்பதால், பம்பு வேலை செய்யாவிட்டாலும் தன் எடையில் கொஞ்சம் டீசல் இறங்கும். சுமையில்லாமல் ஓடுவதற்கு அது போதும், சுமை இழுப்பதற்குப் போதாது. கிழிசல் வழியாக மீதி டீசல் எஞ்சினுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. 2024 ஜூன் 10-ஆம் நாள் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு உயர்ந்த பிறகு, செலவு கூடியதற்கு விலைதான் காரணம் என்று நான் நினைத்திருந்தேன். பாதிக் காரணம் இந்தக் கிழிசல்.

ரப்பர் ஏன் கிழிந்தது என்பதற்கு அண்ணன் சொன்ன காரணம் எனக்கு ஏற்புடையதாகவே தோன்றியது. 2019-இல் நம் நாட்டு டீசலில் 10 விழுக்காடு செம்பனையிலிருந்து எடுக்கும் பயோடீசலைக் கலக்கத் தொடங்கினார்கள். பழைய வகை ரப்பர் அதில் நாளடைவில் ஊறி மென்மையாகிவிடும்; தொட்டியின் அடியில் பல காலமாகப் படிந்திருக்கும் அழுக்கையும் அது கரைத்து வடிகட்டிக்கு அனுப்பும். ஆகவே பம்புத் தோலை மட்டும் மாற்றாமல், தொட்டியைக் கழற்றிக் கழுவி, ரப்பர் குழாய்கள் அனைத்தையும் பயோடீசலைத் தாங்கும் வகையில் மாற்றினார்.

சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் மூன்று இன்ஜெக்டர்களையும் சோதனைக் கருவியில் பொருத்தி என் கண்முன்னே அழுத்திக் காட்டினார். இரண்டு மெல்லிய பனிபோல் தெளித்தன, ஒன்று சொட்டியது. வெள்ளைப் புகைக்கு அதுவே காரணம். தேய்ந்துவிட்டது என்று முதல் பட்டறை சொன்ன பெரிய பம்பை அவர் தொடவே இல்லை. புதிய எண்ணெய் ஊற்றி, அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, சூடேறிய எஞ்சினில் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு காட்டியது. மெலிந்த எண்ணெயில் ஓடியும் பேரிங்குகள் தப்பிவிட்டன என்று அவர் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

குழாய்களில் இருந்த காற்றை வெளியேற்றும் வேலையை என்னையே செய்ய வைத்தார். முதலில் வடிகட்டியின் மேல் திருகு, பிறகு பம்பில் இருக்கும் இரண்டு திருகுகள், கடைசியில் இன்ஜெக்டர் குழாயின் நட்டுகள் என்று வரிசை மாறாமல் தளர்த்தி, குமிழி நின்று தெளிந்த டீசல் வரும்வரை சிறிய பம்பின் கைப்பிடியை அடிக்க வேண்டும். கைப்பிடி அடிக்க அடிக்கப் பிடிப்பே இல்லாமல் ஆடினால், உள்ளே அந்தப் பம்பைத் தள்ளி இயக்கும் கேம் (எஞ்சினோடு சுழலும் மேடுள்ள பாகம்) மேட்டில் நிற்கிறது என்று பொருள். எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் அடிக்க வேண்டும். இது தெரியாமல்தான் நான் பலமுறை பம்பு கெட்டுவிட்டது என்று எண்ணியிருக்கிறேன்.

பின்னால் மாட்டும் கருவிகளைத் தூக்கும் பின்புறத் தூக்குகைகள் எஞ்சினை அணைத்ததும் இறங்கிவிடும் குறையையும் சரிசெய்தார். தூக்குகைச் சிலிண்டரின் சீல் தேய்ந்திருந்தது. கியர் பெட்டிக்கும் தூக்குகைக்கும் ஒரே எண்ணெய் என்பதால், மழைநீர் கலந்து பால்போல் வெளுத்திருந்த ஏறத்தாழ 30 லிட்டர் எண்ணெயையும் மாற்ற வேண்டியதாயிற்று.

மொத்தச் செலவு 2,360 வெள்ளி. அதில் கூலி 900. கழற்றிய ஒவ்வொரு பழைய பாகத்தையும் ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். எந்தப் பட்டறையிலும் நான் எதிர்பார்க்கும் முதல் நேர்மை இதுதான்.

குறைகளும் உண்டு. இரண்டு வாரத்தில் முடியும் என்றவர் ஐந்து வாரம் எடுத்துக்கொண்டார். சீல் வருவதற்குத் தாமதமானது உண்மைதான் என்றாலும், அதை அவராகச் சொல்லவில்லை. தொலைபேசியையும் பெரும்பாலும் எடுப்பதில்லை. அந்த ஐந்து வாரத்தில் மூன்று அறுவடைக்கு அண்டைத் தோட்டக்காரரின் வண்டியை வாடகைக்கு எடுத்தேன். செலவு மதிப்பீட்டை எழுதித் தரும் வழக்கமும் அங்கே இல்லை. போகிறவர்கள் முதல் நாளிலேயே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. ரொக்கம் மட்டுமே வாங்குகிறார்; ஞாயிறு விடுமுறை. அளவுக்கம்பியைப் பார்க்காமல் வண்டியை ஏற்றிச் செல்ல வேண்டாம்; எண்ணெய் கூடியிருந்தால் அதை அவரிடம் முதலில் சொல்லுங்கள்.

வண்டி வீட்டு வாசலுக்கு வந்தபோது அப்பா உள்ளே இருந்தார். சத்தத்தைக் கேட்டே வெளியே வந்துவிட்டார். பக்கத்தில் வந்து நின்று, தூக்குகைகளை உயர்த்தச் சொல்லிவிட்டு எஞ்சினை அணைக்கச் சொன்னார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தபோதும் அவை உயர்த்திய இடத்திலேயே நின்றன. டைனமோ மட்டும் இன்னும் மின்கலத்துக்குச் சரியாகச் சார்ஜ் ஏற்றவில்லை; தீபாவளிக்குப் பிறகு அதற்காக மறுபடியும் அங்கேயே கொண்டு செல்கிறேன்.